கையால் ஷூ தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் ஷூ தைக்கப் புதிதாக உட்காருகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்று தெரியும். பழகிய கைகள் எல்லாம் ஒரு காலத்தில் கெடுத்த அதே இடங்களில்தான் இவர்களும் கெடுக்கிறார்கள். கத்தி விரலில் படுவது, இரண்டு காலுக்கும் இடதுகால் துண்டையே வெட்டிவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒருமுறை நடந்தால் தானாகவே திருந்திவிடும். வேலையெல்லாம் முடிந்து, போடுகிறவர் காலில் ஏறிய பிறகு வெளியே வரும் தவறுகள்தான் ஆளைக் கெடுக்கும். செட்டிநாட்டு வெயிலும் நம் வீட்டுப் பழக்கங்களும் அவற்றில் சிலவற்றை இன்னும் மோசமாக்குகின்றன.

காலையில், உட்கார வைத்து அளவெடுப்பது

நிற்கும்போது பாதம் நீளும், அகலும். நாள் முழுக்க நடந்தால் சாயங்காலத்தில் சற்று வீங்கியும் இருக்கும். அதனால் மாலையில், நிற்க வைத்து, இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீளம் மட்டும் போதாது. விரல்மூட்டைச் சுற்றி, நடுப்பாதத்தைச் சுற்றி, குதிகாலிலிருந்து மேல்பாதத்தைச் சுற்றி என மூன்று சுற்றளவும் வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் விடுங்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தே வளர்ந்த கால்களில் விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். கடையில் வாங்கும் கட்டை (தோலை மேலே இழுத்துப் பொருத்தும் பாத வடிவ அச்சு) அந்த இடத்தில் ஒடுக்கமாக இருக்கும். ‘ஒரு சைஸ் பெரிசா போட்டுடலாம்’ என்பதுதான் பலர் கண்டுபிடிக்கும் வழி. ஆங்கில அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், குதிகால் கழன்று கழன்று வரும். நீளத்தைத் தொடாமல், கட்டையின் விரல்மூட்டுப் பக்கத்தில் 1 அல்லது 2 மி.மீ. தோல் துண்டை ஒட்டி, ஓரத்தை ஒன்றுமில்லாமல் சீவி, கட்டையோடு வழவழப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

தோலின் இழுவையைப் பார்க்காமல் வெட்டுவது

ஒரு தோலில் முதுகெலும்பு ஓடிய திசையில் இழுவை குறைவு. வயிற்றுப் பக்கம் போகப் போக இழுவை அதிகம், நார் தளர்வு. முன்பக்கத் துண்டு எப்போதும் முதுகு, பின்தொடைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இழுவை குறைந்த திசை குதிகாலிலிருந்து விரல் நுனிக்கு ஓட வேண்டும். குறுக்கே கொஞ்சம் இழுபட்டால் பரவாயில்லை, அது காலுக்கு இதம். நீளவாக்கில் இழுபட்டால் சில மாதங்களில் ஷூ படகாக நீண்டுவிடும்.

துண்டை வைத்து வரையும் முன் இரண்டு கையாலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே தெரியும். இடது, வலது முன்பக்கங்களை அருகருகே, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வெட்டுங்கள். ஒன்றை முதுகிலும் இன்னொன்றை வயிற்றோரத்திலும் எடுத்தால், புதிதாக இருக்கும்போது ஜோடியாகத் தெரியும். ஆறு மாதத்தில் ஒன்று மட்டும் மடிப்பு விழுந்து கிழடாகிவிடும். வயிற்றுத்தோல் வீண் போக வேண்டியதில்லை. நாக்குக்கும், மறைந்து கிடக்கும் துண்டுகளுக்கும் அது போதும்.

ஓரம் சீவாமல் மடிப்பது

1.4 மி.மீ. தோலைச் சீவாமல் மடித்தால் 2.8 மி.மீ. ஆகும். அது காலைக் கடிக்கும்.

இன்சோலுக்கு குரோம் தோல்

வேண்டாம். இன்சோல் என்பது ஷூவுக்குள் உள்ளங்காலுக்கு அடியில் வரும் தளம். குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் விரியும், ஆணியையும் தையலையும் பிடித்து நிறுத்தாது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய 3 முதல் 4 மி.மீ. தோல்தான் இன்சோலுக்கு.

கட்டையிலிருந்து அவசரப்பட்டுக் கழற்றுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு நிற்பதில்லை. பொருளும் உழைப்பும் சேர்ந்து ஒரே நேரத்தில் போகிற இடமும் இதுதான்.

முதலில் கட்டையின் மேல் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேல்தோலை லேசாக ஈரமாக்கி, குறடால் இழுத்து, இன்சோலின் அடியில் ஆணி அடித்து நிறுத்துகிறோம். முன்நுனி முதலில், பிறகு இரண்டு பக்கமும், பிறகு குதிகால். முன்நுனியில் சுருக்கங்களைப் பிரித்து 8 மி.மீ.க்கு ஓர் ஆணி வரை போகும். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே முன்நுனியில் ஒரு கெட்டித்தோல், குதிகாலில் ஒரு கெட்டித்தோல் (சுருக்கமாகக் கெட்டி). இரண்டையும் தண்ணீரில் ஊறவைத்து, பசைமாவு தடவித்தான் உள்ளே வைக்கிறோம். ஆக, வெளியே ஈரம் கொஞ்சம்தான். உள்ளே இரண்டு தோல்களுக்கு நடுவே அடைபட்ட ஈரம் நிறைய.

ஈரத்தில் தோலின் நார்கள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். இழுத்துப் பிடித்த நிலையிலேயே தண்ணீர் வெளியேறினால், அந்தப் புதிய இடத்திலேயே நார்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கட்டையின் வடிவம் தோலுக்கு வருவது இப்படித்தான். தண்ணீர் போகும் முன் பிடியை விட்டால் நார்கள் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் போகாது என்பதுதான் சிக்கல்.

கழற்றிய அன்றைக்குப் பார்த்தால் குறையே தெரியாது. கல்யாண ஆர்டர்களில் அடிக்கடி நடப்பது இது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, பெண் வீட்டார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். கற்றுக்கொள்கிற பையன் மூன்றாம் நாளே கட்டையை உருவி, பாலிஷ் போட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறான். மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, குதிகால் பக்க மேல்விளிம்பு வாய் பிளக்கிறது. கயிறு கட்டும் இடம் ஒரு காலில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் விலகி நிற்கிறது. முன்நுனி மேலிருந்து அழுத்தினால் உள்ளே போகிறது. இன்சோலின் ஓரம் சுருண்டு உள்ளங்காலில் உறுத்துகிறது. ஒரே கட்டை ஜோடியில் செய்த இரண்டு ஷூவும் இரண்டு அளவாகிவிட்டன.

இதைச் சரி செய்ய வழியில்லை என்பதுதான் கோபம் வரவைக்கிறது. மறுபடி கட்டை ஏற்றி இழுக்கலாமே என்று கேட்பார்கள். எதைப் பிடித்து இழுப்பது? அடியில் மடிக்க விட்டிருந்த 20, 25 மி.மீ. ஓரத்தை, வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்கும் தோல் பட்டை) தைத்த பிறகு வெட்டி எடுத்தாயிற்று. வெல்ட், சோல், ஹீல் எல்லாம் ஏறியாயிற்று. வெட்டும்போது செய்த தவறானால் ஒரு துண்டோடு போகும், தையலில் செய்த தவறானால் பிரித்துத் தைக்கலாம். இந்தத் தவறு மட்டும் முழு ஜோடியையும், அதில் போன அத்தனை நாளையும் எடுத்துக்கொண்டு போகிறது.

எத்தனை நாள் விட வேண்டும்? குரோம் தோல், செயற்கைக் கெட்டி என்றால் குறைந்தது இரண்டு மூன்று நாள். பட்டையில் பதப்படுத்திய தோலும் பசைமாவு வைத்த தோல் கெட்டியும் என்றால், இழுத்து ஆணி அடித்த பிறகு ஒரு வாரம் தொடாமல் விட்டுத்தான் வெல்ட் தைக்கத் தொடங்க வேண்டும். சோல் தைத்த பிறகு இன்னொரு வாரம். சோலும் ஈரத்தில்தான் தைக்கப்படுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு மேலும் ஆகும்.

நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை முன்நுனியிலும் குதிகாலிலும் வைத்துப் பாருங்கள். நடுப்பக்கத்தைவிடச் சில்லென்று இருந்தால் உள்ளிருந்து ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. முன்நுனியை நகத்தால் தட்டினால் ‘டொக்’கென்று கெட்டியான சத்தம் வர வேண்டும், மந்தமாகக் கேட்டால் கெட்டி இன்னும் காயவில்லை. இவற்றைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. சமையலறை டிஜிட்டல் தராசில் கட்டையோடு சேர்த்து எடை போட்டு, ஷூவின் அடியில் பென்சிலால் எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு அடுத்த தவறு, சீக்கிரம் காய வேண்டும் என்று முற்றத்து வெயிலில் வைப்பது. சித்திரை வெயிலில் வெளித்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே பசைமாவு ஈரமாகவே இருக்கும். மேலே இறுகிய தோல் உள்ளே இருப்பதை நெரிக்கும். வேகமாக மேலேறும் தண்ணீர் தன்னோடு எண்ணெயையும் பட்டைச் சாற்றையும் இழுத்து வந்து விளிம்பில் கருப்பாக விட்டுப்போகும். எண்ணெய் போன தோல், விரல் மடங்கும் இடத்தில் முதல் மாதமே வெடிக்கும். தகரக் கூரையின் மேல் வைப்பது இன்னும் கெடுதல். பட்டையில் பதப்படுத்திய தோல் ஈரமாக இருக்கும்போது 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பட்டாலே சுருங்கிக் கட்டியாகிவிடும், பிறகு அதை எதுவும் விரிக்காது. ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம் எல்லாம் இதே கதைதான்.

செட்டிநாட்டு வீடு கிடைத்தவர்களுக்கு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரத்தைவிட நல்ல இடம் இல்லை. நிழல், ஆனால் முற்றத்துக் காற்று ஓயாமல் வரும். ஆத்தங்குடித் தரையில் நேராக வைக்காதீர்கள். அடிப்பக்கம் காற்று போகாமல் சோல் ஈரமாகவே நிற்கும். இரண்டு மரச்சட்டங்களின் மேல், அடியில் காற்று போகும்படி, பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் தூரத்தில் மின்விசிறியை மெதுவாக ஓடவிடலாம். பசைமாவு மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்த பசையிலிருந்துதான் உள்ளே பூஞ்சை பிடிக்கிறது.

கழற்றுவதிலும் முறை இருக்கிறது. கட்டை ஏற்றும் முன்பே அதன் மேல் பவுடர் பூசியிருந்தால் உள்தோல் ஒட்டாது. இன்சோலைக் கட்டையோடு பிடித்திருக்கும் மூன்று ஆணிகளையும் சோல் வைப்பதற்கு முன் பிடுங்கியிருக்க வேண்டும். மறந்தால் கட்டையோடு இன்சோலும் கிழிந்து வரும். கட்டை இரண்டு துண்டாக இருந்தால் மேல் ஆப்பை முதலில் எடுங்கள், பிறகு கொக்கியால் குதிகால் பக்கத்தைத் தூக்குங்கள். கழற்றிய உடன் உள்ளே அச்சில்லாத வெள்ளைத்தாளை அடைத்து வையுங்கள். செய்தித்தாளின் மை உள்தோலில் இறங்கும்.

ஆர்டர் வாங்கும்போதே மூன்று வாரம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் வேண்டும் என்றால் அந்த ஆர்டரை விட்டுவிடுவது நல்லது.

இரும்பும் ஈரமும்

பட்டைத் தோலில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் இது. தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் கூடுகின்றன. துருப்பிடித்த வாளித் தண்ணீரில் தோலை ஊறவைக்காதீர்கள். ஈரத்தோலை இரும்பு மேசையில் வைக்காதீர்கள். இரும்புத்தூள் ஒட்டிய கையால் தொடாதீர்கள். வெளிர் நிறத் தோலில் பித்தளை ஆணி அடியுங்கள். கறை விழுந்த உடனே எலுமிச்சைச் சாறைத் தண்ணீரில் கலந்து முழுத் துண்டிலும் சீராகத் துடைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். கறையில் மட்டும் தேய்த்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

பசையைக் குறை சொல்வது

சோல் பிரிந்தால் ‘பசை சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் பசைமேல் தப்பில்லை. தோலின் வழவழப்பான மேற்பரப்பின் மேல் தடவியிருப்பார்கள். அது பிடிக்காது; உப்புத்தாளால் நார் தெரியும் வரை சொரசொரப்பாக்க வேண்டும். முதல் பூச்சு மெல்லியதாக, தோலுக்குள் இறங்கிக் காயட்டும். இரண்டாவது பூச்சுக்குப் பிறகு 10, 15 நிமிடம் பொறுத்து, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டுவது போல இருந்து கையோடு வராமல் இருக்கும்போது சேர்த்துத் தட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். அடைமழை நாளில் பசையின் மேல் வெண்மையாக மூட்டம் பிடித்தால் அது காற்றின் ஈரம். அதன் மேல் ஒட்டாதீர்கள்.

பி.வி.சி. சோலுக்கு நியோபிரீன் பசை நிற்காது, பி.யு. (பாலியூரிதேன்) பசைதான் வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் செருப்பும் ஷூவும் வாசல் வெயிலில்தான் கிடக்கும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று கோயிலுக்குப் போனாலும் உச்சி வெயிலில் வெளியேதான் கழற்றி வைப்பார்கள். கடினமாக்கும் திரவம் கலக்காத பசை அந்தச் சூட்டில் இளகும், முன்நுனி வாய் திறக்கும். பசையை மட்டும் நம்பாமல் சோலைத் தைத்துவிடுங்கள்.

குதிகால் கெட்டியில் கஞ்சத்தனம்

திண்ணைக்கு வந்ததும் ஷூவைக் குனிந்து அவிழ்ப்பவர் குறைவு. குதிகாலை மிதித்துக் கழற்றுவதும், அப்படியே மிதித்துப் போட்டுக்கொள்வதும்தான் வழக்கம். அட்டைக் கெட்டி வைத்தால் ஒரு வருடம் கூடத் தாங்காது. 2 மி.மீ.க்குக் குறையாத பட்டைத்தோலை வையுங்கள், சுற்று ஓரத்தை ஒன்றுமில்லாமல் சீவுங்கள். மேல்விளிம்புக்குச் சில மி.மீ. கீழே நிறுத்துங்கள், இல்லையென்றால் கணுக்காலின் பின்பக்கத்தை அறுக்கும். ஒரு நாளில் பத்து வீடு ஏறி இறங்குகிறவருக்குக் கயிறு ஷூவே வேண்டாம். பக்கத்தில் எலாஸ்டிக் வைத்தது அல்லது லோஃபர் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மெழுகு இல்லாத நூல்

தைக்காதீர்கள்.

ஓரமும் பூச்சும்

சோல் ஓரத்தை 120, 220, 400 எண் உப்புத்தாள் என்ற வரிசையில் தேயுங்கள். ஒன்றைத் தாண்டினால் அதன் கீறல் கடைசி வரை தெரியும். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, வழவழப்பான மரத்தாலோ எலும்பாலோ அழுத்தித் தேய்த்தால் நார் படியும். சாயம் இதற்குப் பிறகு, மெழுகு எல்லாவற்றுக்கும் பிறகு. மெழுகு முதலில் போனால் சாயம் இறங்காது, திட்டுத் திட்டாக நிற்கும். சாயம் ஒரு இரவாவது காயட்டும். உடனே மெழுகைச் சூடு பறக்கத் தேய்த்தால் சாயம் துணியோடு வந்துவிடும்.

முடித்த ஷூவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தோல் கருக்கும், தளரும், புழுதி ஒட்டும், நாளானால் சிக்கு வாடை வரும். மேல்தோலுக்கு மெழுகு பாலிஷை மெல்லிய பருத்தித் துணியில் எடுத்து, ஒரு சுற்று போட்டுக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, பிறகு அடுத்த சுற்று. முன்நுனியிலும் குதிகாலிலும் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஏற்றலாம். விரல் மடங்கும் இடத்தில் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் மடிப்பில் மெழுகு வெள்ளையாக உடைந்து உதிரும்.