அலாரம் அடித்தால் முதலில் ஹோல்டு

மண்டபம் பக்கத்து மீனவர் ஒருவர், நிமோனியாவோடு வென்டிலேட்டரில் இருந்தார். காற்றைத் தள்ளும் உச்ச அழுத்தம் 42-க்கு (செ.மீ. நீர் அளவில்) ஏறி அலாரம் ஓயவில்லை. "நுரையீரல் இறுகிப்போச்சா சார்?" என்றார் சிஸ்டர். நோயாளி தானாக மூச்சு இழுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உள்மூச்சு முடிவில் ஹோல்டு பட்டனை அழுத்தினேன். அது காற்றோட்டத்தைச் சற்று நிறுத்தும்; அப்போது தெரிவது நுரையீரலின் அழுத்தம் மட்டும். கோடு சரிந்து 20-இல் சமமாக நின்றது. பீப் (மூச்சு விட்ட பிறகும் உள்ளே நிற்கும் அழுத்தம்) 5, மூச்சளவு 420 மில்லி. 20-இல் 5 போக 15; 420-ஐ 15-ஆல் வகுத்தால் 28. நுரையீரல் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்பதன் அளவு அது. காலையிலும் இதேதான். ஆக, நுரையீரல் அப்படியே இருக்கிறது. மிச்ச 22-ம் காற்று வரும் வழியில்.

சக்‌ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் குழாய்) மூச்சுக்குழாய் ட்யூப்பில் தடையில்லாமல் இறங்கியது; ஆக, அடைப்பு ட்யூப்பில் இல்லை. ட்யூப்பை ஒட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றினேன்: சளி ஊறிக் கனத்துக் கிடந்தது. புதிது மாட்டியதும் உச்சம் 27, ஹோல்டில் அதே 20. நெபுலைசர் கொடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றாமல் விடுவதும் அதை அடைக்கும். இப்போது அலாரம் அடித்தால், மருந்தைத் தேடுவதற்கு முன்னே சிஸ்டரே ஹோல்டு போட்டு எண்ணைச் சொல்கிறார்.