பணியிட வரிசையில் நான் செய்த தவறு

அமெரிக்கத் தரைப்படையில் 2019 முதல் அதிகாரிகளின் அடுத்த பணியிடம் ஒருவகைச் சந்தை முறையில் முடிவாகிறது. காலியிடங்களை நாம் வரிசைப்படுத்துவோம், படைப்பிரிவுகள் நம்மை வரிசைப்படுத்தும், கணினி பொருத்திவிடும்.

கேப்டனாக இருந்தபோது மூன்றே இடங்களைக் குறித்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றும் போச்சு, யாரும் கேட்காத ஒன்று தலையில் விழுந்தது. அதனால் நீளமாகவே வரிசைப்படுத்துங்கள்.

அப்புறம், ‘முதலிடம் எங்கே கிடைக்கப்போகிறது’ என்று பயந்து இரண்டாவதை மேலே ஏற்றாதீர்கள். 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் சொன்ன பொருத்தமுறைதான் இதற்கு அடிப்படை. எட்டாத இடத்தை முதலில் கேட்டதற்காக அடுத்தது கைநழுவாது.

தன்விவரத்தில் பதவிப்பெயர்கள் போதாது. செய்த வேலையை எழுதுங்கள். பிடித்த பிரிவோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்கள் தரும் வாய்வார்த்தையை மட்டும் நம்பி மற்ற இடங்களை விட்டுவிட வேண்டாம்.