நாலு பேர், 40 அடிப் பாய்ப்படகு, 15 நாள் தண்ணீர்: முதல் கடலோட்டத்துக்கு வீட்டிலிருந்தே ஆயத்தமாவது

பாய் ஏற்றவும் இறக்கவும் சுக்கான் பிடிக்கவும் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. படகுக்குள் ஒரு குடும்பம் எப்படிச் சமைக்கிறது, குளிக்கிறது, பிள்ளைகளை எப்படிப் பாதுகாக்கிறது என்பதை அங்கே அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை. அந்தப் பாதிக்கான செய்முறைதான் இது. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ மன்னாரிலோ இருந்துகொண்டு, ஒரு பருவம் முழுக்கப் படகில் வாழ முடிவெடுத்த குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறோம்.

உதாரணத்துக்கு அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். 40 அடிப் படகு. காலியிலிருந்து மாலைதீவின் வட முனையில் இருக்கும் உலிகமு தீவு வரை ஓட்டம். தூரம் சுமார் 440 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். சராசரி 5 நொட் (மணித்தியாலத்துக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போனால் ஏறக்குறைய நாலு நாள்.

மன்னாரிலிருந்தே ஏன் புறப்படக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அளவுப் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் 1.8 முதல் 2 மீற்றர் வரை இறங்கி நிற்கும். இராமர் அணைத் திடல்களில் எங்கள் வள்ளங்கள் ஓடும், அது ஓடாது. அதனால் படகு திருகோணமலையில் அல்லது காலியில் நிற்கட்டும். புறப்படும் காலம் தை முதல் பங்குனி வரை. வாடை பின்னுக்கிருந்து தள்ளும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் மேற்கே போகிற படகுக்கு அது முகத்தில் அடிக்கிற காற்று.

படி 1: வீட்டில் ஒரு கிழமை ஒத்திகை

ஆவணியில் கிணறு அடி காட்டும்போது தண்ணீரை அளந்து பாவித்த வீடுகளுக்கு இந்தப் படி சுலபம். ஆனாலும் செய்துதான் ஆகவேண்டும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர்: குடிக்க 3, சமைக்க 1, கழுவ 1. நாலு பேருக்கு 20 லீற்றர், அதாவது சரியாக ஒரு கான். காலையில் ஒரு கானை நிரப்பிக் குசினியில் வையுங்கள். குழாயை மூடுங்கள், கிணற்று வாளியைக் கழற்றி வையுங்கள். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு, ஏனெனில் படகில் அதற்குக் கடல்நீர்தான். இரவு படுக்குமுன் கானில் மிஞ்சியதை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டாம் நாளே தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். குடிப்பதில் அல்ல, பாத்திரம் கழுவுவதில். கறிச்சட்டியை முதலில் ஒரு துண்டுக் கடதாசியால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவினால் செலவு பாதியாகும். தட்டுகளை ஓடும் தண்ணீரில் காட்டாமல் ஒரு சின்னச் சட்டிக்குள் தோய்த்தெடுங்கள். படகில் முதல் இரண்டு கழுவலும் கடல்நீரில், கடைசி அலசல் மட்டும் நல்லதண்ணீரில்.

குளிப்பும் அப்படித்தான். கடல்நீரில் உடம்புச் சவர்க்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரளும். பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும். அதைத் தேய்த்துக் கடல்நீரை அள்ளி ஊற்றிவிட்டு, கைத்தெளிப்பானில் ஒரு லீற்றர் நல்லதண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். இந்த அலசலைத் தவிர்த்தால் இடுப்புப் பட்டியிலும் தொடையிடுக்கிலும் உப்புப் புண் வரும். தெளிப்பான் கடையில் புதிதாக வாங்கியதாக இருக்கவேண்டும். தோட்டத்துக்கு மருந்தடித்தது எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

படி 2: படகில் தண்ணீர்

நாலு நாள் ஓட்டத்துக்கு 15 நாள் தண்ணீர் ஏற்றுங்கள். 20 லீற்றர், 15 நாள், மொத்தம் 300 லீற்றர். காற்று விழுந்து படகு அசையாமல் கிடந்தாலும், சுக்கான் பழுதாகி மெதுவாகப் போக நேர்ந்தாலும், சேருகிற தீவில் உடனே நிரப்ப முடியாமற் போனாலும் இந்தக் கணக்கு தாங்கும்.

இந்த 300 லீற்றரும் ஒரே தாங்கியில் இருக்கக்கூடாது. இரண்டு தாங்கிகள், இடையில் பூட்டக்கூடிய வால்வு. ஒன்று கெட்டாலும் ஒழுகினாலும் மற்றது மிஞ்சும். இதற்கு மேலதிகமாக நாலு கான்கள். அவற்றை விளிம்புவரை நிரப்பாமல் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் நிரப்புங்கள். படகைக் கைவிட்டு உயிர்காப்புத் தெப்பத்துக்கு மாறவேண்டி வந்தால் அந்தக் கான் கடலில் நன்றாக மிதக்கும்.

கிணற்றுத் தண்ணீரை நிரப்புவதானால் துணியில் வடித்து, 20 லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் குளோரின் திரவம் விடுங்கள். வாசனை சேர்க்காத, 5 வீதச் செறிவுள்ளதாக இருக்கவேண்டும். அரை மணித்தியாலம் விட்டு மூடியைத் திறந்தால் மெல்லிய குளோரின் மணம் வரவேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு தரம்.

தண்ணீரை இழப்பதற்கு ஒரு பெரிய காரணம் மின்பம்பி. கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு குழாய் கழன்றால், அமுக்கம் குறைந்ததென்று நினைத்துப் பம்பி தானாக ஓடும். இரவோடிரவாக 150 லீற்றரும் படகின் அடிவயிற்றுக்குள் போய்விடும். யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பம்பி சில நிமிடத்துக்கொருதரம் ‘கிர்’ என்று ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கடலில் பம்பியின் சுவிட்சை நிறுத்தி வையுங்கள். காலால் மிதித்து ஏற்றும் பம்பியை மட்டும் பாவியுங்கள். மிதித்து எடுக்கிற தண்ணீரைப் பிள்ளைகளும் வீணாக்குவதில்லை.

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் படகில் இருந்தாலும் தாங்கிகளை நிரப்பியே புறப்படுங்கள். அதன் சவ்வைக் குளோரினும் எண்ணெயும் கெடுத்துவிடும். துறைமுகத்துக்குள் அதை ஓட்டவேண்டாம். குளோரின் விட்ட தாங்கித் தண்ணீரால் கழுவுவதானால் கரி வடிகட்டி வழியாகவே விடவேண்டும்.

படி 3: ஆடுகிற குசினி

படகு அடுப்பு ஊஞ்சல்போலத் தொங்கும். படகு சரிந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். சட்டியை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவ்விகளைச் சட்டி வைக்குமுன்னே பொருத்துங்கள். நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு சமையுங்கள். கொதிநீர் மடியில் கவிழ்வது சிறுகாயம் அல்ல, அருகில் ஆஸ்பத்திரியும் இல்லை.

சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் வீட்டில் திறந்த கதவால் வெளியேறும், படகில் அடிவயிற்றில் போய்த் தேங்கி ஒரு சிறு மின்பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் மேல்தளத்தில், அடியில் வடிகால் உள்ள தனிப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். சமைத்து முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வைப் பூட்டுங்கள். குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து சுவாலை தானாக அணையட்டும். அதன் பிறகுதான் அடுப்புக் குமிழ். கிழமைக்கு ஒருதரம் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் சமையலில் படகுக்கு மிக ஏற்றது புட்டும் இடியப்பமும். காரணம் ஆவி. ஆழ்கடலில் அள்ளிய கடல்நீரை அடிப்பாத்திரத்தில் விட்டுக் கொதிக்கவிடுங்கள். உப்பு பாத்திரத்திலேயே தங்கும், மேலே வருவது உப்பில்லாத ஆவி. ஒரு நேர அவியலில் அரை லீற்றருக்குக் கிட்ட நல்லதண்ணீர் மிச்சம். இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று. உயரமான புட்டுப்பானை முதல் அலையிலேயே சாயும், ஆகையால் குட்டையான, மூடி பூட்டுகிற பிரஷர் குக்கருக்குள் தட்டு வைத்து அவியுங்கள். தண்ணீர் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்தால் ஆட்டத்தில் தளும்பி மாவில் படும், புட்டு கைத்துப்போகும். அலுமினியக் குக்கரைக் கடல்நீர் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும், எவர்சில்வர்தான் வேண்டும்.

சோற்றுக்கு முழுக்கக் கடல்நீர் விடமுடியாது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று பங்கு நல்லதண்ணீருக்கு ஒரு பங்கு கடல்நீர் விட்டால் உப்பு அளவாக இருக்கும், வேறு உப்புப் போடவேண்டாம். துறைமுகத்திலும் ஆற்றுமுகத்திலும் அள்ளிய நீர் சமையலுக்கு ஆகாது.

படி 4: சாமான் ஏற்றுவது

நாலு பேருக்கு 15 நாளுக்குப் புழுங்கலரிசி 8 கிலோ, வறுத்த அரிசிமாவும் குரக்கன்மாவும் சேர்த்து 6 கிலோ, பருப்பு 3 கிலோ, பயறு 1 கிலோ, ரின் மீன் 10, தேங்காய்ப்பால் மா, செத்தல், தூள், பனங்கட்டி. அரிசியை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, நெல்லுச் சாக்குக்குள் போடுவதுபோலக் காய்ந்த வேப்பிலை நாலு போட்டு, இறுக்கமான பிளாஸ்ரிக் வாளிகளில் அடையுங்கள்.

ஒடியல் கொண்டுபோக ஆசைப்படுபவர்கள் புழுக்கொடியலாகக் கொண்டுபோங்கள். பச்சை ஒடியல் மாவின் கயரை எடுக்க அதை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிடவேண்டும், படகில் அதற்குத் தண்ணீர் இல்லை. புழுக்கொடியலை அப்படியே கடிக்கலாம். இரவுக் காவலில் கண்ணைத் திறந்துவைக்க அதைவிட நல்ல தீன் எங்களுக்குத் தெரியாது. கருவாட்டை உப்புப் போக ஊறவைக்காமல், உப்புப் போடாத கறியில் நேரே போடுங்கள்.

கடையில் தருகிற மட்டைப் பெட்டிகளைப் படகில் ஏற்றவேண்டாம். அலையலையான மட்டை இடுக்கில் கரப்பான் முட்டை இருக்கும். எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து மாற்றுங்கள். முழுப் பூசணி வாரக்கணக்கில் நிற்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் கெதியில் கெடும். முட்டை கழுவாததாகவும் குளிரூட்டியில் இருந்திராததாகவும் பார்த்து வாங்குங்கள். உடைக்குமுன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் எறிந்துவிடுங்கள்.

படி 5: பிள்ளைகளும் கயிறும்

இந்தப் படியில் விட்டுக்கொடுப்பே இல்லை.

அணியத்திலிருந்து பின்தளம் வரை இரண்டு பக்கமும் தட்டையான பொலியெஸ்ரர் பட்டி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். உருண்டைக் கயிறு காலடியில் உருளும், நைலோன் நனைந்தால் இழுபடும். ஒவ்வொருவரும் மார்புக் கச்சையிலிருந்து ஒரு இணைப்புவாரை இந்தப் பட்டியில் கொளுவவேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மீற்றர் வார் போதும். விழுந்தாலும் கைப்பிடி வேலிக்கு உள்ளேதான் விழவேண்டும், வெளியே தொங்கக்கூடாது. உள்ளறைப் படியில் நிற்கும்போதே கொளுவி, பிறகு மேலே கால் வைக்கப் பழக்குங்கள்.

மிதவை அங்கியைக் கடையில் போட்டுப் பார்ப்பது காணாது. இரண்டு தோள்ப்பட்டியையும் பிடித்துத் தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் பெரிது. கவட்டுப் பட்டி கட்டாயம். பிறகு நாயாறு அல்லது கொக்கிளாய்க் களப்பில், அலையில்லாத காலையில், இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் பக்கத்தில் நிற்கப் பிள்ளையை மிதக்கவிட்டுப் பாருங்கள். முகம் தானாக வானத்தைப் பார்க்கவேண்டும்.

கைப்பிடி வேலியைச் சுற்றி வலை கட்டும் வேலையைக் கடற்கரையில் வலை பொத்துகிற ஒருவரிடம் கேட்டுப் பழகுங்கள். கண் 5 சென்ரிமீற்றர் அளவு, கீழ் விளிம்பு தளத்தோடு சேர்த்து ஒரு சாணுக்கு ஒரு கட்டு. கீழே கட்டாத வலைக்கடியால் பிள்ளை வழுக்கிப் போய்விடும். வெயிலில் நைலோன் உக்கும். மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

ஆள் விழுந்தால் செய்யவேண்டியதைக் கரைக்குக் கிட்ட ஒரு உரிக்காத தேங்காயை எறிந்து பழகுங்கள். அது தலையளவுதான் தெரியும். ஒருவர் கத்தவேண்டும், ஒருவர் கண்ணெடுக்காமல் விரலால் காட்டிக்கொண்டே நிற்கவேண்டும், சுக்கானில் நிற்பவர் படகை நிறுத்தவேண்டும். காட்டுகிறவருக்கு வேறு வேலை கொடுக்கவேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் செய்யக்கூடிய வேலை இது.

படி 6: முதல் இரண்டு நாள்

தலைசுற்றும் சத்தியும் பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும். மாத்திரையைப் புறப்படுமுன்பே எடுக்கவேண்டும், சத்தி தொடங்கிய பிறகு வயிற்றில் தங்காது. பிள்ளையின் நிறைக்கேற்ற அளவை வைத்தியரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஜீவனி (உடம்பில் நீர் வற்றாமலிருக்கக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற்றுகள் இருபதாவது இருக்கட்டும். ஒன்றை ஒரு லீற்றரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பிள்ளை சலம் போவது குறைந்து நிறம் கடுத்தால் கவனம். இந்த இரண்டு நாளுக்குரிய சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்துவையுங்கள்.

இரவில் பெரியவர்கள் இருவரும் மூன்று மணித்தியாலம் மாறி மாறிக் காவல். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் வரிசையாகப் போகும் பாதை இருக்கிறது. 20 நொட் கப்பல் 5 கடல் மைலைக் கால் மணித்தியாலத்தில் கடந்துவிடும். ஆகவே பத்து நிமிடத்துக்கொருதரம் எழுந்து சுற்றிவரப் பாருங்கள். படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் வீஎச்எஃப் வானொலியில், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். காவலில் இருப்பவர், மற்றவரை எழுப்பாமல் இருக்கையை விட்டு முன்தளத்துக்குப் போகக்கூடாது.

படி 7: கடதாசிகளும் போய்ச் சேர்வதும்

கடவுச்சீட்டு, படகுப் பதிவு, ஆட்பட்டியல், கடைசித் துறைமுகம் தந்த புறப்பாட்டு அனுமதி. இந்தக் கடைசிக் கடதாசி இல்லாமல் அடுத்த நாட்டில் ஏற்கமாட்டார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். போரில் சான்றிதழ்கள் தொலைந்து பின்பு பிரதி எடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. பிரதியிலும் கடவுச்சீட்டிலும் தகப்பன் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று மாதக்கணக்கில் முன்பே பாருங்கள். திருத்தக் காலம் எடுக்கும்.

மாலைதீவுக்கு மதுபானமும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக்கூடாது. வழிபாட்டுச் சிலைகளும் தடை, சாமித்தட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையாரையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தீவை நெருங்கியதும் மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகள் வந்து முடிக்கும்வரை யாரும் கரை இறங்கவேண்டாம். அவர்கள் வருவதற்குள் தாங்கியில் மிஞ்சிய தண்ணீரை அளந்து, வீட்டு ஒத்திகைக் கணக்கு எழுதிய அதே கொப்பியில் எழுதுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் உண்மையில் செலவானது என்று வகுத்துப் பாருங்கள். அடுத்த ஓட்டத்துக்கு 5 என்ற எண்ணை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.