மிருகக்காட்சி சாலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்
குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள், காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். முதலில் புலி, சிறுத்தை, கரடி. பறவைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறியதும் பெரிய விலங்குகள் நிழலில் சுருண்டு படுத்துவிடும், பிள்ளைகளுக்கு வால் நுனி தெரிந்தாலே பெரிய விஷயம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்; ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

முதலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது குளிர் ரத்தப் பிராணி, உடம்பு சூடேற வெயில் வந்த பிறகுதான் கரையேறிக் காயும். மழை மூட்டமான நாளிலும் இவ்வளவு அவசரம் வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்கு எத்தனை மணிக்குப் போனாலும் பூட்டைத்தான் பார்க்கலாம்.