ரெசின் முகத்தில் ஒரு ஆளை வரவழைப்பது

பெட்டியைப் பிரித்து, கண் பொருத்தி, விக் மாட்டி, பெயரும் வைத்தாகிவிட்டது. ஆனாலும் அலமாரியில் உட்கார்ந்திருப்பது ஒரு அழகான பொம்மைதான், ஆள் இல்லை. பிஜேடி, அதாவது ரெசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த, பந்து மூட்டுள்ள பொம்மை வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான். பெரும்பாலும் அவர்கள் கையில் நாலு பக்கத்துக்குக் கதையும் இருக்கும்: எங்கே பிறந்தாள், யாரை இழந்தாள், எதற்காக அழுகிறாள். அத்தனையும் காகிதத்தில் இருக்கிறது, பொம்மையில் இல்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: கதையைக் கீழே வையுங்கள், முகத்தைக் கையில் எடுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்த விதத்திலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. 1999-ல் ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி என்ற பிஜேடியை வெளியிட்டது. அது மாடல் கிட் செய்துவந்த நிறுவனம். வாங்குபவர் தானே பாகங்களைப் பொருத்தி, தானே வண்ணம் தீட்டுவது அந்த உலகின் வழக்கம். அந்த வழக்கம் பொம்மைக்கும் வந்தது. கண்ணைக் கழற்றலாம், தலைமுடியை மாற்றலாம், முகப்பூச்சை அழித்துவிட்டுப் புதிதாக வரையலாம், உள்ளே ஓடும் எலாஸ்டிக்கை அவிழ்த்து உடம்பையே மாற்றிக் கோர்க்கலாம். பின்னால் வந்த கொரிய நிறுவனங்களான லுட்ஸ், சூம், ஃபேரிலேண்ட், ஐப்பிள்ஹவுஸ் எல்லாமே இதே அமைப்பில்தான் செய்கின்றன. தலைக்கு நிறுவனம் வைக்கும் பெயர் அந்த அச்சின் பெயர் மட்டுமே. அதே அச்சில் வார்த்த தலை இன்னும் பல ஊர்களில் பல பேரிடம் இருக்கும். அது யார் என்பதை முடிவுசெய்யும் வேலையை நம்மிடம் விட்டிருக்கிறார்கள்.

முதலில் வெறும் முகம். கண் வேண்டாம், விக் வேண்டாம், பூச்சும் வேண்டாம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைப் போடுங்கள். தலையைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து விழும்போது நிழல் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். இமை எவ்வளவு திறந்திருக்கிறது? உதட்டின் இரு ஓரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? புருவ எலும்பு முன்னால் துருத்துகிறதா? தாடை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? சிற்பி செதுக்கி வைத்த இந்த விஷயங்களோடு நீங்கள் சண்டை போட முடியாது. பாதி மூடிய இமையுள்ள தலைக்குத் துறுதுறு குழந்தைக் குணம் எழுதினால் எழுத்து ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் நிற்கும்.

என்னிடம் இருப்பவளை வைத்தே மீதியைச் சொல்கிறேன். 43 சென்டிமீட்டர் உயரம், அதாவது மனித உயரத்தில் கால் பங்கு (1/4) அளவுப் பொம்மை. கொரியத் தலை, மாநிற ரெசின். இமை பாதி இறங்கியது, உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் உள்வாங்கியது. இந்த அச்சை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தூக்கக் கலக்கமான இளவரசியாகவோ சோகமான ஆவியாகவோ ஆக்குகிறார்கள். எனக்கு விளக்கடியில் பார்த்தபோது அது தூக்கமாகத் தெரியவில்லை. எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். எதிரே இருப்பதைப் பார்க்கத் தேவையில்லாமல் காதை மட்டும் கொடுத்திருக்கும்போது நம் இமை இப்படித்தான் இறங்கும்.

அடுத்த கேள்வி தானாக வந்தது. கேட்பதையே வேலையாகச் செய்கிறவர் யார்? என் அத்தை திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவர். பிடி கிடைத்துவிட்டது.

நிறைய பேர் குணத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: கோபக்காரி, கூச்ச சுபாவம், உள்ளுக்குள் அன்பானவள். நான் வேலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். வேலை ஒருவரின் கை, கழுத்து, முடி, உடை, உட்காரும் விதம் எல்லாவற்றிலும் தடம் விடும். குணம் அப்படி நேராகத் தெரியாது. வேலையோடு ஊரையும் வருஷத்தையும் சேர்த்து முடிவு செய்துவிடுங்கள். என்னுடையவள் 1972-ல், திருநெல்வேலியில், ராத்திரி ஷிஃப்டில் இருக்கிறாள். நேராக எண்ணைச் சுழற்றி வெளியூர் பேசும் எஸ்டிடி வசதி இந்தியாவில் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிவிட்டாலும், பெரும்பாலான ஊர்களில் அப்போதும் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை உண்டு, வகைக்கேற்பக் கட்டணம் கூடும். ஆபரேட்டர் சீட்டில் எண்ணும் நேரமும் குறித்துக்கொண்டு, ஒயரைப் பலகைத் துளையில் செருகி இணைப்பார். மூன்று நிமிஷம் முடிந்ததும் நடுவில் வந்து சொல்வார்.

பெயர் இதற்குப் பிறகுதான். ஒருவருக்குப் பெயர் வைப்பது பெற்றோர். அவர்களுடைய காலமும் ஊரும்தான் அதைத் தீர்மானிக்கும். 1940-களின் கடைசியில் நாங்குநேரிப் பக்கம் பிறந்த பெண்ணுக்கு வசந்தா என்று வைத்தேன். உங்கள் பொம்மை ஒசாகாவில் தையல்காரராகவோ பூசானில் மீன் வியாபாரியாகவோ இருந்தால், அந்த ஊரில் அந்த வருஷம் பிறந்தவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தேடுங்கள். அழகாக ஒலிக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்த பெயர் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

இப்போது எழுதலாம். ஆனால் கதை வேண்டாம், ஒரு பட்டியல். அவளைப் பற்றித் தோன்றுவதை எல்லாம் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது ஒரு போட்டோவில் தெரியுமா என்று கேளுங்கள். "இரக்கம் உள்ளவள்" தெரியாது. அடித்துவிடுங்கள், அல்லது தெரிகிற மாதிரி மாற்றுங்கள். வசந்தாவின் இரக்கம் எனக்கு எப்படி மாறியது என்றால், மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே பேசவேண்டியவள், ஆஸ்பத்திரிச் செய்தி பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் தாமதிப்பாள். அந்தத் தாமதம் எங்கே இருக்கும்? விரலில். பலகைச் சுவிட்சைத் தள்ளப் போன விரல், அதன் மேல் வைத்தபடி நிற்கும். அதனால் அவளுக்கு ஆள்காட்டி விரல் நீண்டு மற்ற விரல்கள் தளர்ந்திருக்கும் கை தேவைப்பட்டது. நிறுவனங்கள் மாற்றுக் கைகளைத் தனியாக விற்கின்றன, மணிக்கட்டுக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். கோபம், பொறாமை, பெருமை எல்லாவற்றையும் இப்படி உடம்பின் ஏதோ ஒரு இடத்துக்குக் கொண்டுபோக முடியும். கொண்டுபோக முடியாதது இப்போதைக்கு வேண்டாம்.

பட்டியலில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும், அவள் எதை வெளியே சொல்வதில்லை. வசந்தாவுக்குப் பகல் ஷிஃப்ட் வேண்டும். அவள் சொல்லாதது, ராத்திரி கேட்ட குரல்களில் சில அவளோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றன என்பது. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் அவளை எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் ஏதோ நடந்துகொண்டிருப்பது போல இருக்கிறது.

கண்ணுக்கு வருவோம். கால் அளவுப் பொம்மைக்குப் பொதுவாக 14 மில்லிமீட்டர் கண் பொருந்தும். ஆனால் அதே அளவிலேயே கருவிழி பெரியது, சிறியது என்று உண்டு. பெரிய கருவிழி குழந்தைத்தனம் தரும். வயது வந்தவருக்குச் சிறியதை எடுங்கள். கண்ணாடிக் குமிழுக்கு அடியில் கருவிழி ஆழமாக இருக்கும் கண், நாம் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பது போலத் தோன்றும். கவர்ச்சியானதுதான். ஆனால் வசந்தா யாரையும் பார்க்கக் கூடாது, எனவே அது ஆகாது. கண் உள்ளே பசை மாதிரியான புட்டியால்தான் ஒட்டியிருக்கிறது, விரலால் தள்ளித் திருப்பலாம். இரண்டையும் ஒரு மயிரிழை கீழேயும் வலப்பக்கமும் திருப்பினேன். நேராகப் பார்க்கும் கண்ணை முதலில் நகர்த்திப் பாருங்கள். செலவே இல்லாமல் பெரிய மாற்றம் தருவது இதுதான்.

முகப்பூச்சில் தனி நிதானம் வேண்டும். அடிப்படை எளிது: மேட் சீலன்ட் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு) ஒரு மெல்லிய கோட், சாக் பாஸ்டல் தூளைப் பிரஷ்ஷால் தடவல், வாட்டர்கலர் பென்சிலால் கோடுகள், மறுபடி சீலன்ட். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் சீலன்ட் போட்டால், தப்பாக வந்ததை முந்தைய கட்டம் வரை மட்டும் அழிக்கலாம். ஜப்பானின் மிஸ்டர் சூப்பர் கிளியர் என்ற ஸ்பிரே சீலன்டைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும், திறந்த இடமும் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை ஈரப்பதம். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். விடிகாலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், எனவே நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் அடியுங்கள். ஐப்பசி மழையில் ஸ்பிரே டப்பாவைத் தொடவே வேண்டாம். பழைய பூச்சை அழிக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் ரெசினையே கெடுக்கும்.

குணம் பூச்சில் எங்கே உட்காருகிறது என்றால், சமமின்மையில். இரண்டு புருவத்தையும் கண்ணாடிப் பிம்பமாக வரைந்தால் அழகு வரும், ஆள் வரமாட்டார். வசந்தாவின் வலது புருவம் சற்று உயர்ந்திருக்கிறது, ஏனென்றால் அந்தக் காதில்தான் ஹெட்செட். ராத்திரி விழிப்புக்காகக் கண்ணுக்குக் கீழே சாம்பல் கலந்த பழுப்பு, தொட்டதே தெரியாத அளவுக்கு. உதட்டுக்கு ரோஸ் இல்லை, தோல் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு மட்டும். மாநிற ரெசினில் வெளிர் பாஸ்டல் சாம்பல் பூத்தாற்போல நிற்கும், எனவே கன்னத்துக்கும் செங்கல் நிறம்தான்.

விக் 7-8 அங்குல அளவு. நான் மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) எடுத்தேன். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரப்பர் பட்டையைத் தலைக்குக் குறுக்கே இறுக்கிக் காயவிட்டால் ஹெட்செட் பட்டை அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாலும் அந்தத் தடம் இருக்கிறது. எனக்கு அவளிடம் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நிற்கும் விதம் எலாஸ்டிக்கைப் பொறுத்தது. புதுப் பொம்மையில் அது இறுக்கமாக இருக்கும், சிப்பாய் மாதிரி விறைத்து நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் தோளும் இடுப்பும் இறங்கும். ரொம்பத் தளர்ந்தால் பிடிக்காது, அப்போது மூட்டுக் குழிக்குள் சொரசொரப்பான மெல்லிய சுவேடு தோலை ஒட்டினால் பிடிப்பு வரும். எடையை ஒரு காலில் விடுங்கள், தலையை ஒரு பக்கம் சாய்த்துவையுங்கள், அந்தச் சாய்வுக்கும் உங்கள் பட்டியலில் ஒரு காரணம் இருக்கட்டும்.

புடவை கட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஐந்தரை மீட்டர் புடவை கால் அளவில் சுமார் 1.4 மீட்டர், அகலம் 28 சென்டிமீட்டர். நீளத்தைக் குறைக்கலாம், நூலின் தடிமனைக் குறைக்க முடியாது. அதனால் துவைத்துத் துவைத்து மெலிந்த மல் துணியைத்தான் எடுக்கவேண்டும். கொசுவமும் நாலு மடிப்புக்கு மேல் வைத்தால் வயிறு உப்பிவிடும். மீதித் துணியை வெட்டிவிட்டு மடிப்பை நூலால் தைத்துவிடுங்கள். கறுப்பு, சிவப்பு, கருநீலம் ரெசினில் சாயம் ஏற்றும். பல தண்ணீர் அலசுங்கள், உள்ளே ஒரு வெள்ளைப் பாவாடை போடுங்கள், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

உடைமைகள் குறைவாக இருக்கட்டும், அளவு சரியாக இருக்கட்டும். 17 சென்டிமீட்டர் பென்சில் இவள் கையில் நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தீக்குச்சியைச் சீவி, நுனியில் கிராஃபைட் தேய்த்துச் செய்தேன். காதுக்கு மேல் விக்கில் செருகியிருக்கிறது. ஒரு கட்டு சீட்டு. ஒரு சின்ன டிஃபன் பாத்திரம். அவ்வளவுதான். கடையில் அழகாக இருந்ததே என்று வாங்கிய பூக்கூடையும் டெடி பியரும் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள். அவளுடையவை இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பொம்மை வந்தால் முதலாமவரின் தோழி என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். அதற்கும் விளக்கு, முகம், வேலை என்று முதலிலிருந்து வாருங்கள். பிறகு இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பார்வைகள் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். உறவு அங்கே கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் ஆள் வரவில்லை என்றால், ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரம் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் கண்ணின் திசை, அப்புறம் கண், அப்புறம் விக், அப்புறம் எலாஸ்டிக்கின் இறுக்கம். முகப்பூச்சை அழிப்பதானால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு அழியுங்கள். புருவத்தின் வளைவு ஒன்று மட்டுமாவது திரும்பத் தேவைப்படும். பெயரைக் கடைசியில் மாற்றுங்கள்.