வீட்டு கரண்ட் பில் காட்டுற ஸ்க்ரீனை எப்படி டிசைன் பண்றது

ஆப்ல டேட்டா காட்டணும்னு சொன்னாலே டேட்டாபேஸ்ல இருக்கற அத்தனையையும் எடுத்து ஸ்க்ரீன்ல கொட்டிட்டு, மேல நாலு கலர்ல ஒரு சார்ட் போட்டு டேஷ்போர்டு ரெடின்னு சொல்றது பழக்கமாயிடுச்சு. பாக்கறவங்க என்ன கேள்வியோட வர்றாங்கன்னு யோசிக்கறவங்க கம்மி. பொதுவா பேசினா மண்டையில நிக்காது, அதனால ஒரே ஒரு ஸ்க்ரீனை எடுத்துக்கலாம்: தமிழ்நாட்டுல ஒரு வீட்டுக்கு எவ்ளோ கரண்ட் ஓடியிருக்குன்னு காட்டுற ஸ்க்ரீன்.

ஸ்க்ரீன் வரையற ஃபிக்மா ஆப்பை இப்போ தொறக்காதீங்க. ஒரு பேப்பர்ல கேள்விய எழுதுங்க. எவ்ளோ கட்டணும், கடைசி தேதி என்ன, ஏன் இந்த தடவை இவ்ளோ வந்துச்சு, இந்த மூணுக்காகத்தான் ஜனங்க தொறப்பாங்க. இதுக்கு பதில் ஸ்க்ரோல் பண்ணாமலே தெரியணும். டேரிஃப் கோடு, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, சாங்ஷன் லோடு (வீட்டுக்கு அனுமதிச்ச கிலோவாட்) எல்லாம் "மத்த விவரம்"னு கீழ மடிச்சு வச்சிடலாம், தேவைப்படறவங்க தொறந்து பாத்துப்பாங்க.

நாலாவது கேள்வி ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா இந்த ஸ்க்ரீனோட மெயின் வேலையே அதுதான். 500 யூனிட் தாண்டிடுமா? நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் ஃப்ரீ. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை வச்சே பாப்போம் (அப்புறம் ஏறியிருக்கு, கணக்கு புரியறதுக்காக இது). 500 வரைக்கும் ஓடினா 101லேருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபா, ஆக மொத்தம் 1,725. 501 ஆயிடுச்சுன்னா அந்த 2.25 ரேட்டே கிடையாது, 101லேருந்து 400 வரை எல்லாமே 4.50, 500 வரை அதே 6, கடைசி ஒத்த யூனிட்டுக்கு 8 ரூபா, பில் 1,958. ஒரு யூனிட் கூட ஓடினதுக்கு 233 ரூபா. பில் வந்தப்புறம் இதை விளக்கி என்ன பிரயோஜனம், வர்றதுக்கு முன்னாடி சொன்னாத்தான் ஏசியைக் கொஞ்சம் அணைக்க முடியும்.

அதனால ஒரே ஒரு படுக்கை பார் போடுங்க, 0ல ஆரம்பிச்சு, 500ல பளிச்சுனு ஒரு கோடு. கீழ வாக்கியமாவே எழுதிடுங்க: "46 நாள்ல 412 யூனிட் ஓடியிருக்கு. இன்னும் 14 நாள் இருக்கு. இப்படியே போனா 537 வரும். ஒரு நாளைக்கு 6 யூனிட்டுக்குள்ள வச்சுக்கிட்டா 500 தாண்டாது." சார்ட்டே படிக்கத் தெரியாதவங்களுக்கும் இது புரியும், டிசைனர்கள்தான் வாக்கியம் எழுத என்னவோ கூச்சப்படறாங்க.

ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டுல ரீடிங்கை அவங்களேதான் டைப் பண்ணணும், பிரச்சனை வர்ற இடம் இதுதான். டிஜிட்டல் மீட்டர்ல நம்பர் மாறி மாறி ஓடிக்கிட்டே இருக்கும், தேதி வரும், வோல்டேஜ் வரும், அதுல எது ரீடிங்னு பாதி பேருக்குத் தெரியாது, அதனால கட்டத்துக்குப் பக்கத்துலயே மீட்டர் படம் ஒண்ணு வச்சு எந்த நம்பர்னு வட்டம் போட்டுக் காட்டுங்க. பழைய ரீடிங்கைவிட கம்மியா போட்டுட்டா "தவறான உள்ளீடு"ன்னு சிவப்புல கத்தாம "போன தடவை 18,240 இருந்துச்சு, இப்போ 1,865ன்னு போட்டிருக்கீங்க, ஒரு நம்பர் விட்டுப்போச்சான்னு பாருங்க"ன்னு சொல்லுங்க. டைப் பண்ணதை அழிச்சிடாதீங்க, ப்ளீஸ்.

ஏன் இவ்ளோ வந்துச்சுங்கறதுக்கு பழைய பில்லோட ஒப்பிடணும். ரீடிங் எடுக்க வர்றவர் எழுதற வெள்ளை கார்டு இதுல ரொம்ப நல்ல டிசைன்னு நான் சொல்வேன், போன பில்லு நேர் மேல வரியிலயே இருக்கும், கண்ணை நகர்த்தினா போதும். ஆனா மே-ஜூன் பில்லை மார்ச்-ஏப்ரலோட மட்டும் ஒப்பிட்டா வெயில் காலத்துல தப்பா பயமுறுத்தும், போன வருஷ மே-ஜூனையும் பக்கத்துல வைங்க. பார் சார்ட் போதும், பை சார்ட் வேணாம். ஒரே அளவுகோல்ல பார் எங்க முடியுதுன்னு ஒப்பிடற அளவுக்கு கோணத்தை நம்ம கண்ணு சரியா ஒப்பிடாதுன்னு கிளீவ்லாண்ட், மெக்கில்னு ரெண்டு புள்ளியியல் ஆராய்ச்சியாளர்கள் 1984லயே சோதிச்சுக் காட்டிட்டாங்க. அப்புறம் பார் 0லேருந்துதான் ஆரம்பிக்கணும், 400லேருந்து ஆரம்பிச்சா 20 யூனிட் வித்தியாசமே மலை மாதிரி தெரியும்.

கலர் விஷயம் சுருக்கமா: சிவப்பு பச்சை மட்டும் வச்சு அர்த்தம் சொல்லாதீங்க, வித்தியாசம் தெரியாதவங்க நிறைய பேர் இருக்காங்க, கூட வார்த்தையும் போடுங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5க்கு 1, மொட்டை வெயில்ல மீட்டர் பெட்டி முன்னாடி நின்னு பாப்பாங்கன்னு நினைச்சுக்கோங்க. பட்டன் 48 டிபி (ஆண்ட்ராய்டுல ஸ்க்ரீன் அளவு சொல்ற யூனிட்) உயரமாவது இருக்கணும். லைன் ஹைட்டை (ஒரு வரிக்கு ஒதுக்கற உயரம்) இங்கிலீஷுக்கு வச்ச மாதிரியே விட்டா கீ, தீல மேல இருக்கற சுழி வெட்டுப்படும், கொஞ்சம் கூட்டுங்க. வயசானவங்க போன்ல ஃபான்ட் சைஸ் பெருசாத்தான் இருக்கும், அந்த சைஸ்லயும் பட்டன் எழுத்து முழுசா தெரியுதான்னு பாருங்க. 05/06ன்னு எழுதாம ஜூன் 5னு எழுதுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஆஃபீஸ்ல இல்லாத ஆளுங்க அஞ்சு பேர்கிட்ட போனைக் குடுங்க, கோளாறுல பெரும்பகுதி அந்த அஞ்சு பேர்லயே வெளிய வந்துடும்னு யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதியிருக்கார். "நல்லா இருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, சூப்பரா இருக்கு தம்பின்னுதான் சொல்வாங்க. "எவ்ளோ கட்டணும்? 500 தாண்டுமா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு விரல் எங்க போகுதுன்னு கவனிங்க. ரெண்டு பேர் ஒரே இடத்துல தடுமாறினா அங்க மாத்தணும். மாத்தினதை வேற ஆளுங்ககிட்ட காட்டுங்க, பழைய ஆளுங்களுக்கு பதில் எங்க இருக்குன்னு இப்போ தெரிஞ்சிருக்கும்.