நேரலையில் தெருப்பெயர் எதற்கு? உள்ளூர் வானொலிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சமுதாய வானொலியில் பேச வரும் புதுப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளைக் கேட்டுக் குறை சொல்வதும் இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை ஒவ்வொரு அணியும் அச்சுப் பிசகாமல் செய்கிறது. மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது, தாளைச் சரசரக்காமல் எப்படிப் புரட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அரசியல் பக்கமே போகாமல் இருப்பது

செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் நிகழ்ச்சி எதையும் நாமாகத் தயாரித்துப் போடக் கூடாது என்று சமுதாய வானொலிக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வது உண்மைதான். அதைப் படித்த உடனே மிரண்டுபோய் கோலப்போட்டி, சுக்குக் காப்பி என்று ஒதுங்கிவிடுகிறார்கள். குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்பு, வானிலை, வெள்ள எச்சரிக்கை, வேலைவாய்ப்பு, திருவிழா இவையெல்லாம் செய்திக் கணக்கில் சேராது. கட்சிப் பெயரை இழுக்காதீர்கள், எந்தச் சமூகத்தையும் தாக்கிப் பேச விடாதீர்கள். ஆகாசவாணிக்கு உள்ள அதே நெறிமுறைதான் நமக்கும். மற்றபடி, பாபநாசம் அணையின் 143 அடியில் எத்தனை அடி நிறைந்தால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வரும் என்று விவசாயிகளைப் பேசவிட்டாலே போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்களில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினார்கள், சாப்பாடு எப்போது வந்து சேர்ந்தது என்று கேட்டாலும் போதும். மாநில அரசியல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

“எந்தத் தெரு அண்ணாச்சி?”

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடிவதில்லை.

நேயர் அழைக்கிறார். “வணக்கம் அண்ணாச்சி, எந்த ஊர்லேர்ந்து பேசுதீய?” ஊரைச் சொல்கிறார். அதோடு விட வேண்டும். விடுவதில்லை. “ஊர்ல எங்கன? எந்தத் தெரு? யாரு மவன்?” திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் இது நம் பக்கத்து விசாரிப்பு; கேட்காவிட்டால்தான் குறை. ஆனால் இங்கே பல ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அதை நாலு ஊர் கேட்கச் சொல்ல வைக்கிறோம்.

ஒரு தடவை பாளையங்கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஒருவர் அழைத்தார். எந்த மடை, எந்த ஷட்டர் திறக்கவில்லை, நாற்று எந்த அளவுக்கு வாடிவிட்டது என்று பிசிறில்லாமல் சொன்னார். அப்படி ஓர் அழைப்பு எப்போதாவதுதான் வரும். நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போகாமல், பேசிக்கொண்டிருந்த தம்பி தெருவைக் கேட்டான். எதிர்முனையில் பேச்சு நின்றது. வானொலியில் இரண்டு நொடி மௌனம் ரொம்ப நீளம். அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார். அடுத்த அழைப்பு: “அந்தத் தெருக்காரங்களுக்கு எப்பவும் இதே பேச்சுதான்.” அதற்குப் பதில் சொல்ல இன்னொருவர், அவருக்குப் பதில் சொல்ல வேறொருவர். ஷட்டரைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் சொல்வதற்கென்றே அழைத்து வந்திருந்த பொறியாளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் அந்த நேயர் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து, “ரேடியோவுல பேசுத அளவுக்கு வந்துட்டியோ” என்று கேட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி. அவர் திரும்ப அழைக்கவே இல்லை.

இதன் கூடவே வரும் இன்னொன்று, காதைத் தீட்டிக் கேட்டால்தான் பிடிபடும். தெரு தெரியும்வரை “சொல்லுங்க அண்ணாச்சி”. தெரிந்த பிறகு “ம், சொல்லுங்க”. அண்ணாச்சி எங்கே போனார்? பேசுகிறவருக்கே தெரியாது, கேட்கிறவர்களுக்குத் தெரியும். பதிவைப் போட்டுக் காட்டினால் முகம் வெளுத்துப்போகிறது. சிலருக்கு அப்போதும் வெளுப்பதில்லை. அவர்களைப் பாட்டு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவேன்.

“இதெல்லாம் ரொம்ப ஓவர் சார்” என்பவர்களுக்கு: நம் திருநெல்வேலி முன்பு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களை அடுத்து 1997-ல் மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்கள் பெயரை அரசே எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதிய பெயருக்கே அந்தப் பாடு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில்கூடச் சாதி இருக்கக் கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கூப்பிடும் பெயர், ஊர், எந்தக் கால்வாய் அல்லது எந்த பஸ், எத்தனை நாளாக. தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் அதிகாரிக்குத் தேவைப்படலாம். போன் எடுப்பவர் அதைத் தனியாகக் கேட்டுச் சீட்டில் எழுதட்டும். அந்தச் சீட்டு ஸ்டுடியோவுக்குள் வரக் கூடாது. கையில் இருந்தால் வாசித்துவிடுவார்கள், பார்த்தாகிவிட்டது. நேயர் தானாகவே சொல்ல வந்தால், “சரி அண்ணாச்சி, தண்ணி எப்போ நின்னுச்சு?” என்று இடைமறியுங்கள். நம் ஊரில் இடைமறிப்பது மரியாதைக் குறைவுதான். பரவாயில்லை.

சம்பந்தமில்லாத ஆளைத் திட்டவிடுவது

தெருவிளக்கு எரியாததற்கு எம்.பி.யைத் திட்டுவார்கள், நீங்களும் “ஆமா, ஆமா” என்பீர்கள். தெருவிளக்கு ஊராட்சி, கால்வாய் நீர்வளத் துறை, ரேஷன் கடையில் பெரும்பாலானவை கூட்டுறவுத் துறை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, ஆலங்குளத்துக்காரர் இன்னும் நெல்லை கலெக்டரிடம்தான் முறையிடுகிறார். நேயருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடைத்தமிழ்

“தங்களின் மேலான கருத்து” என்று நீங்கள் ஆரம்பித்தால், அவர் போனைப் பேரனிடம் கொடுத்துவிடுவார்.

கட்சிப் பேச்சாளரை விருந்தினராக உட்காரவைப்பது

வேண்டாம்.

பெண்கள் அழைப்பதில்லை, அதனால் அவர்களுக்கு ஆர்வமில்லை என்பது

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். நம்மைப் பகல் முழுக்கக் கேட்பது அவர்கள்தான். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும். அந்தக் கையோடு போனை எப்படி எடுப்பது? கையைக் கழுவிவிட்டு வந்து பேசினால் அன்றைய கணக்கில் பீடி குறையும். ஆகவே நிகழ்ச்சி முழுக்க ஆண்குரல். நாம் அதைப் ‘பொதுமக்கள் கருத்து’ என்று முடித்துவைக்கிறோம். பீடிக்கடையில் கணக்குக் கொடுக்க வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து ரெக்கார்டரோடு போங்கள். கூலி, பி.எஃப்., மகள் காலேஜுக்குப் போகும் பஸ் என்று ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு மேலேயே கிடைக்கும். மைக்கை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், தூள் உள்ளே போய்விடும், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.